சர்வீஸ் கடைக்கு எந்த டிஸ்க் இமேஜிங் மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வேலையில் பாதி அச்சகங்களிலிருந்தும் டி.டி.பி. கடைகளிலிருந்தும் வருவது. மீதி கணக்கு எழுதும் மெஷின்கள், கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்கள். புதிதாகக் கடை போட்டவர்கள் போன் செய்து கேட்கும் கேள்விகளில் முதலிடம் டிஸ்க் இமேஜிங்குக்குத்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இமேஜ், குளோன், பேக்கப் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பேக்கப் என்று நாம் வழக்கமாகச் சொல்வது ஃபைல்களைக் காப்பி எடுப்பதை. இமேஜ் என்பது டிஸ்க்கையே எடுத்து வைப்பது. பார்ட்டிஷன் அமைப்பு, பூட் பகுதி, விண்டோஸ், போட்டிருக்கும் புரோகிராம்கள், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் என்று எல்லாம் ஒரு பெரிய ஃபைலாகவோ பல துண்டுகளாகவோ வந்துவிடும். குளோன் என்றால் நடுவில் ஃபைலே கிடையாது, ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு நேராகப் போகும்.

குளோன் முடிந்ததும் புது டிஸ்க்கை மாட்டி ஓட்டலாம், அது வசதி. இமேஜை ரீஸ்டோர் செய்தால்தான் ஓடும். ஆனால் இமேஜ் பத்திரமாக ஓரிடத்தில் இருக்கும், எங்கே தப்பு நடந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இரண்டில் ஒன்றுதான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இமேஜைத்தான் எடுப்பேன்.

ஓ.எஸ். போடும் முன்னால் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி எடுத்தால் போதாதா?

நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு அக்டோபரில், காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தபோது, ஒரு அச்சகத்து சிஸ்டம் வந்தது. விண்டோஸ் கெட்டுப்போயிருந்தது. "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு, சி டிரைவை அடிச்சிடுங்க" என்றார் அண்ணாச்சி. டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி எடுத்துக்கொண்டு சி டிரைவை ஃபார்மட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. பேஜ்மேக்கரில் எந்த ஃபைலைத் திறந்தாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு மெஷினில் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். அவர்கள் பத்து வருடத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்கள் எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தன. நான் அழித்த சி டிரைவில். சிடி எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஊரில் நாலைந்து அச்சகம் ஏறி இறங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுக்க நான்கு நாள் ஆனது. இரண்டு எழுத்துருக்கள் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அவற்றில் செய்த பக்கங்களை அவர்கள் புதிதாக அடித்தார்கள்.

ஒரு இமேஜ் எடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் அந்த ஃபோல்டரை மட்டும் எடுத்துக் கொடுத்திருப்பேன். கஸ்டமருக்குத் தன் மெஷினில் என்ன எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் சரியில்லை. அன்றிலிருந்து என் கடையில் ஒரே விதி: டிஸ்க் படிக்கிற நிலையில் இருந்தால், ஸ்க்ரூடிரைவரைத் தவிர எதைத் தொடும் முன்னாலும் இமேஜ்.

சரி, எந்த சாஃப்ட்வேர்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஒரு பெயர் சொன்னால் அது தப்பான பதிலாகிவிடும். கடைக்கு வரும் வேலை நான்கு விதம். நல்ல டிஸ்க்கை வேலைக்கு முன்னால் இமேஜ் எடுப்பது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது. சாகப்போகும் டிஸ்க்கிலிருந்து டேட்டாவைக் காப்பாற்றுவது. ஒரே மாதிரி நிறைய மெஷின்களுக்கு விண்டோஸ் ஏற்றுவது. நான்கையும் நன்றாகச் செய்யும் ஒரே மென்பொருளை நான் பார்த்ததில்லை.

என் பென் டிரைவில் இருப்பதைச் சொல்கிறேன். இலவசங்களில் குளோன்சில்லா, ரெஸ்க்யூசில்லா, சிஸ்டம்ரெஸ்க்யூ மூன்றும் உண்டு. கடைசியில் சொன்னதை வைத்திருப்பது முக்கியமாக, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை அள்ள அதிலிருக்கும் டிடிரெஸ்க்யூவுக்காக. காசு கொடுத்து வாங்கியது மேக்ரியம் ரிஃப்ளெக்ட், டெக்னீஷியன் லைசென்ஸோடு. இவற்றின் பூட் ஃபைல்களை எல்லாம், பலவற்றை ஒரே பென் டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் வென்டாய் போட்ட ஒரே 64 ஜிபி பென் டிரைவில் வைத்திருக்கிறேன். வென்டாய் வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பென் டிரைவ் என்று டப்பா நிறைய வைத்துக்கொள்ளும் வேலை போய்விட்டது.

குளோன்சில்லா இலவசம்தானே? அதை வைத்தே கடையை ஓட்ட முடியாதா?

முடியும். நான் முதல் மூன்று வருடம் ஓட்டினேன். தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவானது, திறந்த மூல மென்பொருள், தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. விண்டோஸ் பூட் ஆகாத மெஷினிலும் வேலை செய்யும். ஃபைல் இருக்கும் பகுதியை மட்டும் படிப்பதால் 1 டிபி டிஸ்க்கில் 120 ஜிபி தான் இருக்கிறது என்றால் அந்த 120 ஜிபியை மட்டும் சுருக்கி எழுதும்.

ஆனால் மூன்று விஷயம் தெரிந்து இறங்க வேண்டும். முதலாவது, ரீஸ்டோர் செய்யும் டிஸ்க் பழைய டிஸ்க்கின் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். இரண்டாவது, இமேஜுக்குள் நுழைந்து ஒரு ஃபைலை மட்டும் எடுக்க அதில் நேர்வழி கிடையாது. மூன்றாவது, முதல் இமேஜுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும் வசதி இல்லை, ஒவ்வொரு தடவையும் முழு இமேஜ்தான். சர்வீஸ் கடைக்கு மூன்றாவது பெரிய குறையில்லை. முதல் இரண்டும் தினமும் இடிக்கும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அதன் திரையில் எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்று எழுத்தில்தான் காட்டும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் சீரியல் நம்பரைப் பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் காலி டிஸ்க் கஸ்டமர் டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். கடைப் பையனிடம் முதல் மாதம் இந்த வேலையைத் தனியாகக் கொடுக்காதீர்கள்.

ரெஸ்க்யூசில்லா?

குளோன்சில்லா வடிவத்து இமேஜ்களையே எடுக்கும், படிக்கும். மவுஸ் வைத்து நகரும் திரை. இமேஜைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்க்கும் வசதியும் வைத்திருக்கிறார்கள். பழகாதவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

வீட்டு உபயோகத்துக்கு இலவசம் என்று போட்டிருக்கும் வெர்ஷனைக் கடையில் பயன்படுத்தலாமா?

கூடாது. அது என் வீட்டு லேப்டாப்புக்கு. கஸ்டமர் மெஷினில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை தொழில்தான். மேக்ரியம், ஏஓமெய், ஈஸ்யூஎஸ் மூவருமே சர்வீஸ் ஆட்களுக்கென்று டெக்னீஷியன் லைசென்ஸ் தனியாக வைத்திருக்கிறார்கள். அதை வாங்கினால் எத்தனை கஸ்டமர் மெஷினில் வேலை செய்யலாம், மென்பொருளை அங்கே நிறுவி விட்டுவரலாமா, பென் டிரைவிலிருந்து மட்டும் ஓட்டலாமா என்பதெல்லாம் ஒவ்வொருவருக்கும் வேறு. காசு கட்டும் முன்னால் இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் பாருங்கள்.

மேக்ரியத்தின் இலவச வெர்ஷனை நம்பி இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்பு அப்டேட்கள் 2024 ஜனவரி 1 உடன் முடிந்தன. பழைய ஃபைல் இன்னும் யாரிடமாவது கிடைக்கும், நிறுவினால் ஓடவும் செய்யும். கஸ்டமர் டிஸ்க்கில் அதை நம்ப வேண்டாம். இப்போது அவர்களுடையது வருடச் சந்தா முறை. சந்தா கட்டுவது கசக்கத்தான் செய்கிறது. மாதம் எத்தனை எஸ்.எஸ்.டி. வேலை வருகிறது என்று மூன்று மாதம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான்கைந்துக்குக் குறைவாக வந்தால் இலவசமே போதும்.

கிராக் வெர்ஷன் பற்றி ஒரே வரி: அடுத்தவர் டிஸ்க் முழுவதையும் படித்து எழுதும் ஒரு புரோகிராமை, யார் உள்ளே கை வைத்தார் என்று தெரியாமல் ஓட்டக் கூடாது.

எஸ்.எஸ்.டி. வாங்கினால் கூடவே குளோன் சாஃப்ட்வேர் தருகிறார்களே?

தருகிறார்கள், அந்த பிராண்டுக்கு மட்டும். சாம்சங்கின் மென்பொருள் சாம்சங் டிஸ்க்குக்குத்தான் காப்பி செய்யும். வெஸ்டர்ன் டிஜிட்டலுக்காக அக்ரோனிஸ் தரும் பதிப்புக்கு மெஷினில் அந்தக் கம்பெனி டிரைவ் ஒன்று இருக்க வேண்டும். கஸ்டமர் அந்த பிராண்டைத்தான் வாங்கியிருக்கிறார் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அது அவருக்கு உரிமையுள்ளதும்கூட. ஆனால் நாளைக்கு ரிச்சி தெருவில் எது விலை குறைவோ அதை வாங்கி வரப் போகிறோம். அதனால் இதை நம்பிக் கடையை அமைக்க முடியாது.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 480 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற முடியவில்லை. உள்ளே 90 ஜிபி தான் இருக்கிறது. ஏன்?

இதுதான் கடையில் தினமும் வரும் வேலை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்ற பிறகு இன்னும் கூடிவிட்டது. மெஷினைப் பதினொன்றுக்கு மாற்றும்போதே எஸ்.எஸ்.டி.யும் போட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

மென்பொருள் பார்ப்பது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல, பார்ட்டிஷன் எங்கே முடிகிறது என்பதை. பார்ட்டிஷன் 500 ஜிபி வரை நீண்டிருந்தால் 480-ல் அடங்காது. வழி இரண்டு. மேக்ரியம் போன்றவற்றில் குளோன் செய்யும் திரையிலேயே பார்ட்டிஷனைப் பிடித்துச் சுருக்கலாம். குளோன்சில்லாவில் அதற்கு முன்பே சுருக்கிவைக்க வேண்டும். டி டிரைவ் கடைசியில் இருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 50 ஜிபி குறைத்துவிடலாம். சி டிரைவ் மட்டும் இருந்தால், நடுவில் நகராத ஃபைல்கள் குறுக்கே நிற்கும். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு முயற்சி செய்யுங்கள். அப்போதும் வழிவிடவில்லை என்றால், வெளியிலிருந்து பூட் செய்து பார்ட்டிஷனை மாற்றும் ஜிபார்ட்டெட். பிறகு குளோன்சில்லாவின் எக்ஸ்பர்ட் முறையில் போய், டிஸ்க் அளவைச் சரிபார்க்க வேண்டாம் என்றும், பார்ட்டிஷனை விகிதப்படி அமை என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுருக்கும் முன்னால் ஒரு இமேஜ். பார்ட்டிஷனைச் சுருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலையை எடுக்கவே மாட்டேன், யு.பி.எஸ். இருந்தாலும்.

டிஸ்க்கில் பேட் செக்டர். இமேஜ் பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் இருக்கும் டேட்டாவையும் கொல்வது.

டிஸ்க் வந்தவுடன், அதன் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மூன்று வரியைப் பாருங்கள்: 05, சி5, சி6. முதலாவது, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 சரிசெய்ய முடியாதவை. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கை நான் நோயாளியாகத்தான் நடத்துவேன். விண்டோஸுக்குள் பூட் செய்ய மாட்டேன், செக்டிஸ்க் ஓட்ட மாட்டேன். செக்டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சரிசெய்யத்தான் வந்தது. சாகும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் எழுதக் கூடாத நேரத்தில் எழுதும்.

இங்கே சாதாரண இமேஜிங் மென்பொருள் எதுவும் உதவாது. அவை நல்ல டிஸ்க்குக்குச் செய்தவை. படிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடும், அல்லது அதே இடத்தை முட்டிக்கொண்டே இருக்கும். டிடிரெஸ்க்யூ வேறு மாதிரி யோசிக்கும். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் வேகமாக அள்ளிவிடும், தகராறு செய்யும் இடத்தைத் தாண்டிப் போகும். பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தி, டிஸ்க் சூடு ஆறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள், அதைக் கொடுக்காமல் ஓட்டினால் டிடிரெஸ்க்யூவின் பாதி பலம் போய்விடும். மேப் ஃபைல் வேறொரு பென் டிரைவில் இருக்கட்டும், பூட் ஆன நினைவகத்தில் இருந்தால் கரண்ட் போனதும் போய்விடும்.

யு.எஸ்.பி. டாக்கில் மாட்டாதீர்கள். பிழை வரும்போது பல டாக்குகள் இணைப்பையே துண்டித்துவிடும். டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளில் நேராக மாட்டுங்கள். எழுதும் டிஸ்க் அதே அளவோ பெரிதோ இருக்கட்டும். முடிந்த பிறகு ஃபைல் எடுப்பது, செக்டிஸ்க் ஓட்டுவது எல்லாம் நகலில்தான். பழைய டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால், சுற்ற ஆரம்பித்து நின்றால், அது மென்பொருள் வேலை இல்லை. அணைத்துவிட்டு, டேட்டா முக்கியமா என்று கஸ்டமரிடம் கேளுங்கள். முக்கியம் என்றால் டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் வசதியுள்ள ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள். "நான் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று நாம் ஓட்டும் அந்த ஒரு தடவையில் ஹெட் தட்டைக் கீறிவிட்டால் லேபிலும் ஒன்றும் செய்ய முடியாது.

கல்யாண போட்டோக்களைத் தெரியாமல் அழித்துவிட்டார்கள். இமேஜ் எடுத்து வைத்துவிட்டு ரெக்கவரி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வழக்கமான இமேஜ் அல்ல. ஃபைல் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும் இமேஜில் அழிந்துபோனது வராது. அழிந்த ஃபைல் இருக்கும் இடத்தைத்தான் விண்டோஸ் காலி இடம் என்று குறித்து வைத்திருக்கிறது, மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். இந்த வேலைக்கு ஒரு செக்டர் விடாமல் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். 500 ஜிபி டிஸ்க் என்றால் முழு 500-ஐயும் படிக்கும், நேரம் ஆகும், வேறு வழியில்லை. எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் கஸ்டமருக்கு முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அழித்த இடத்தை எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிக் காலிசெய்யவைக்கும் டிரிம் வேலை செய்திருந்தால், அந்த இடம் ஏற்கெனவே காலியாகியிருக்கும்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட லேப்டாப்?

இப்போது நிறைய வருகிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. அதனால் லேப்டாப்பை வாங்கும்போதே, மெஷின் ஓடுகிறது என்றால், அவர் கண் முன்னால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லி 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மதர்போர்டு மாறினால் அந்தக் கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது.

இமேஜ் விஷயத்துக்கு வருவோம். வெளியிலிருந்து பூட் செய்து எடுத்தால், பூட்டிய பார்ட்டிஷனில் எது ஃபைல், எது காலி என்று தெரியாது. முழு அளவையும் எடுக்கும், சுருங்கவும் சுருங்காது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிஸ்க்கின் அந்த நிமிட நிலையைப் பிடித்துக் கொடுக்கும் ஷேடோ காப்பி வழியாக எடுக்கும் மென்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை, இமேஜ் சின்னதாக வரும். ஆனால் அந்த இமேஜ் பூட்டு இல்லாமல் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கஸ்டமர் பூட்டி வைத்ததை நாம் திறந்து வைத்திருக்கிறோம். இமேஜுக்கு பாஸ்வேர்டு போடும் வசதி இருந்தால் போடுங்கள்.

பென் டிரைவில் பூட் செய்தால் லேப்டாப்பின் டிஸ்க்கே தெரியவில்லை.

இன்டெல் 11-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப் என்றால் பயாஸில் வி.எம்.டி. என்ற அமைப்பைப் பாருங்கள். அது இயங்கினால் இன்டெல்லின் டிரைவர் இல்லாமல் டிஸ்க் தெரியாது. விண்டோஸ் அடிப்படையிலான ரெஸ்க்யூ டிரைவில் அந்த டிரைவரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பயாஸில் அதை அணைத்து இமேஜ் எடுத்தால், முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் கஸ்டமர் வீட்டில் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எடுக்க மறுக்கிறது என்றால் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள்.

குளோன் நல்லபடியாக முடிந்தது என்று வந்தது. ஆனால் பூட் ஆகவில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றினீர்களா? அதுதான் என் முதல் கேள்வி. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். இரண்டையும் மாட்டியபடி பூட் செய்தால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கிவைக்கும். பழையதைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட்.

அடுத்து, பழைய விண்டோஸ் எம்.பி.ஆர். என்ற பழைய பூட் முறையில் இருந்து, பயாஸ் யு.இ.எஃப்.ஐ. என்ற புது முறை மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியென்றால் ரெஸ்க்யூ டிரைவில் பூட் பகுதியைச் சரிசெய்யும் கருவியை ஓட்டுங்கள். மேக்ரியத்தின் ரெஸ்க்யூ டிரைவில் அது ஒரே பட்டன். நான் காசு கொடுத்து வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு நேரம் என்று கஸ்டமரிடம் சொல்லலாம்?

நல்ல ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படிக்கும் என்று வைத்துக்கொண்டால், முழு 500 ஜிபியைப் படிக்க 80 நிமிடத்துக்கு மேல். உள்ளே 120 ஜிபி மட்டும் என்றால் 20 நிமிடம். இதே வேலையை யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் மாட்டினால் நொடிக்கு 35 எம்பி தாண்டாது, 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம். டாக்கும் கேபிளும் போர்ட்டும் மூன்றுமே 3.0 ஆக இருக்க வேண்டும். வேகமான மென்பொருள் தேடி அலைபவர்கள் பலர் அந்த நீலப் போர்ட்டில் மாட்டாமல்தான் அலைகிறார்கள். கஸ்டமரிடம் எப்போதும் "நாளைக்கு" என்று சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் லேபில் 30 மெஷின். ஒவ்வொன்றாக ஓ.எஸ். போட வேண்டுமா?

வேண்டாம். நெட்வொர்க்கில் இமேஜ் ஏற்றும் ஃபாக் அல்லது குளோன்சில்லாவின் லைட் சர்வர் போதும். மெஷின்கள் நெட்வொர்க் வழியாக பூட் ஆகும், ஒரே இமேஜை மல்டிகாஸ்ட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். 30 மெஷினுக்கும் ஏறக்குறைய ஒரு மெஷினுக்கு ஆகும் நேரம்தான். ஆனால் கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும். ஒரு லேபில் 25 ஜிபி இமேஜ் போய்க்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு மெஷினின் கேபிள் கெட்டு, ஜிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தது. அந்த ஒன்றால் 29 மெஷின் காத்திருந்தன.

இமேஜ் எடுக்கும் முன்னால் மாதிரி மெஷினில் விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி ஜெனரலைஸ் செய்யுங்கள், அதாவது அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்குங்கள். "அதெல்லாம் தேவையில்லை, எஸ்.ஐ.டி. (விண்டோஸின் அடையாள எண்) ஒரே மாதிரி இருந்தால் ஒன்றும் ஆகாது" என்று பல வருடம் பலர் சொன்னார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகவும் இல்லை. இப்போது ஆகிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் வந்த விண்டோஸ் அப்டேட்களுக்குப் பிறகு, 24எச்2-விலும் 25எச்2-விலும் ஒரே எஸ்.ஐ.டி. உள்ள மெஷின்கள் ஒன்றின் ஷேர் ஃபோல்டருக்குள் இன்னொன்று நுழைய முடியாமல், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுக்கின்றன. நெட்வொர்க்கில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸ் லைசென்ஸும் ஒரு கேள்வி: மெஷினோடு வந்த ஓ.இ.எம். லைசென்ஸுக்கு இப்படி ஒரே இமேஜை ஏற்றும் உரிமை கிடையாது, வால்யூம் லைசென்ஸ் வேண்டும். கல்லூரியிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோஸ்ட் இன்னும் ஓடுகிறதே? விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் போதாதா?

நார்ட்டன் கோஸ்ட் என்ற பழைய இமேஜிங் மென்பொருள் 2013 ஏப்ரலோடு நின்றுவிட்டது. "கோஸ்ட் அடிப்பது" என்ற பேச்சு மட்டும் நம் ஊரில் இன்னும் நிற்கிறது. விண்டோஸில் இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்ட்டே 2017-ல் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. சின்ன டிஸ்க்குக்கு ரீஸ்டோர் செய்ய அதில் வழியும் இல்லை. இரண்டும் வேண்டாம்.

மேக்?

2018-க்குப் பிந்தைய பெரும்பாலான மேக்புக்குகளில் சேமிப்பகம் போர்டோடு சேர்ந்தது, சிப்போடு பூட்டியது. மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மேக்கிலேயே இருக்கும் பேக்கப் வசதியான டைம் மெஷினில் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இமேஜை எத்தனை நாள் வைத்திருப்பது?

நான் டெலிவரி கொடுத்த நாளிலிருந்து 15 நாள் வைத்திருக்கிறேன். ஜாப் கார்டிலேயே அச்சடித்திருக்கிறேன்: உங்கள் டிஸ்க்கின் முழு நகல் பாதுகாப்புக்காக எடுக்கப்படும், 15 நாளில் அழிக்கப்படும், வேண்டாம் என்றால் இங்கே கையெழுத்திடவும். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் மிகச் சிலர். ஆனால் கேட்டதற்காகவே நம்பிக்கை கூடியவர்கள் உண்டு.

ஒரு இமேஜுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. ஆதார் நகல், பாங்க் பாஸ்வேர்டு, டேலி கணக்கு, பிள்ளைகளின் படம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாட்டில் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். இமேஜ் இருக்கும் டிஸ்க் இன்டர்நெட்டில் இல்லாத மெஷினில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஃபைல் பெயரில் கஸ்டமர் பெயர் கிடையாது, ஜாப் நம்பர் மட்டும். சனிக்கிழமை மாலை கடை மூடும் முன் தேதி முடிந்தவற்றை அழிப்பது என் வேலை, பையனிடம் விடுவதில்லை.

வாங்கும் முன்னால் எப்படிச் சோதிப்பது?

டிரையல் வெர்ஷனை இறக்கி, கடையில் கிடக்கும் ஒரு பழைய டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு, அதை இமேஜ் எடுங்கள். எடுப்பதை எல்லா மென்பொருளும் அழகாகத்தான் செய்யும். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அதைவிடச் சின்ன, காலி டிஸ்க் ஒன்றை மாட்டி, அந்த மென்பொருளின் ரெஸ்க்யூ பென் டிரைவில் பூட் செய்து ரீஸ்டோர் கொடுங்கள். விண்டோஸ் எழுந்து வர வேண்டும். அடுத்து, இமேஜைத் திறந்து உள்ளிருந்து ஒரே ஒரு எழுத்துரு ஃபைலை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். கடைசியாக, இமேஜைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டிவிட்டு, இமேஜின் ஒரு காப்பியில் நடுவில் ஏதாவது எடிட்டரை வைத்து ஒரு எழுத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கெட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சொல்கிறதா பாருங்கள். சில இலவச வெர்ஷன்கள் ரீஸ்டோர் படிக்கு வந்த பிறகுதான் காசு கேட்கும், அதுவும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

இந்த மூன்றிலும் தேறியதை வாங்குங்கள். அரை நாள் ஆகும். கடையில் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து உட்காருங்கள்.